பிறந்த பிள்ளைக்கு மஞ்சள்: வீட்டுக்கு வந்த பிறகும் பார்க்க வேண்டும்

மலையகத் தோட்டங்களில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன. லயக் காம்பராவில் மருத்துவிச்சியின் கையில் பிள்ளை பிறந்த காலம் பாட்டிமாரின் பேச்சில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எத்தனையோ தாய்மாரையும் பிள்ளைகளையும் காப்பாற்றிய மாற்றம் அது. ஆனால் சுகப்பிரசவம் என்றால் ஒரு நாள், மிஞ்சிப் போனால் இரண்டு நாள். அதற்குள் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நாம் மஞ்சள் என்று சொல்லும் மஞ்சள் காமாலை பிள்ளையின் உடம்பில் ஏறி உச்சத்தைத் தொடுவதோ மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். டொக்டரும் தாதியும் பக்கத்தில் இருந்தபோது பிள்ளையின் நிறத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. மலையேறி லயத்துக்கு வந்து, தாயும் பிள்ளையும் கம்பளிக்குள் சுருண்ட பிறகுதான் மஞ்சள் வருகிறது.

அந்த இரண்டு மூன்று நாட்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேச வேண்டியிருக்கிறது. பிறந்த பிள்ளைக்கு வரும் மஞ்சள் பெரும்பாலும் தானாக வந்து தானாகப் போய்விடும். அது உண்மைதான். "எல்லாப் புள்ளைக்கும் வாறதுதானே" என்று அந்த உண்மையை மட்டும் பிடித்துக்கொண்டு இருந்துவிடுவதால்தான் சில பிள்ளைகள் பிந்தி ஆஸ்பத்திரிக்கு வருகின்றன. பிந்தினால் போவது மூளை. அதை எந்த மருந்தாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

மாதம் நிறைந்து பிறக்கும் பிள்ளைகளில் 100க்கு 60 பேருக்கும், குறைமாதத்தில் பிறப்பவர்களில் 100க்கு 80 பேருக்கும் முதல் வாரத்தில் கண்ணிலோ தோலிலோ மஞ்சள் தெரியும். காரணம் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள். இரத்தத்தின் செங்குழியங்கள் வயதாகி உடையும்போது உள்ளே இருக்கும் சிவப்புச் சாயம் சிதைந்து பிலிருபினாகிறது. நமக்கும் தினமும் இது நடக்கிறது. ஈரல் அதைப் பிடித்து, தண்ணீரில் கரையும்படி மாற்றி, பித்தத்தோடு குடலுக்கு அனுப்பிவிடுகிறது. மலத்தின் மஞ்சளும் பழுப்பும் அதிலிருந்து வருபவைதான்.

கருப்பைக்குள் இருக்கும்வரை இந்த வேலையைத் தாயின் உடம்பு செய்து கொடுக்கிறது. பிள்ளையின் பிலிருபின் நச்சுக்கொடி வழியாகத் தாயின் இரத்தத்துக்குப் போய், தாயின் ஈரலால் வெளியேறுகிறது. தொப்புள்கொடியை வெட்டிய நிமிடத்திலிருந்து பிள்ளையின் ஈரலே அதைப் பார்த்தாக வேண்டும். இங்கே பல சிக்கல்கள் ஒரே நேரத்தில் சேருகின்றன. வயிற்றுக்குள் ஒட்சிசன் குறைவு என்பதால் பிள்ளைக்கு நம்மைவிட அதிகமான செங்குழியங்கள் இருக்கும். பெரியவர்களின் செங்குழியம் 120 நாள் வாழும். பிறந்த பிள்ளையுடையது அதைவிடச் சீக்கிரமே உடைந்துவிடும். பிலிருபினை மாற்றும் நொதியமோ ஈரலில் இன்னும் சரியாக ஊறியிருக்காது. மழைவிட்டு வெயில் அடித்து கொழுந்து மலையாகக் குவியும் நேரத்தில், பெக்டரியில் ஒரே ஒரு மெசின் மட்டும் ஓடினால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் அந்த முதல் வாரம். மெசின் பழுதில்லை. முழு வேகத்துக்கு வரச் சில நாள் எடுக்கும், அவ்வளவுதான். அதுவரை தேங்கும் பிலிருபின் தோலில் தெரிகிறது.

குடலுக்கும் இதில் பங்குண்டு. ஈரல் அனுப்பிய பிலிருபின் குடலில் நெடுநேரம் தங்கினால் ஒரு பகுதி மறுபடி இரத்தத்துக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். முதல் நாட்களில் பிள்ளை கழிக்கும் கறுப்பு மலத்தில், பாட்டிமார் காட்டுப்பீ என்பார்களே, அதில் ஏராளமான பிலிருபின் அடைந்திருக்கிறது. அது எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறதோ அவ்வளவுக்கு மஞ்சள் குறையும். அதை வெளியே தள்ளுவது தாய்ப்பால். சீம்பால் துளித்துளியாகத்தான் வரும், ஆனால் பிள்ளையின் குடலை அசைத்துக் கழிய வைக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது.

இதனால்தான் முதல் நாட்களில் சீனித் தண்ணீர், குளுக்கோஸ், சேனை, கொதித்தாறிய நீர் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தண்ணீர் குடித்தால் மஞ்சள் சிறுநீரோடு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். தேங்கியிருக்கும் பிலிருபின் தண்ணீரில் கரையாதது, அதனால் அப்படிப் போகாது. சின்ன வயிறு தண்ணீரால் நிறைந்தால் பிள்ளை பால் இழுக்காது, பால் இறங்காவிட்டால் மலம் இறங்காது, மலம் இறங்காவிட்டால் மஞ்சள் கூடும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டும். தூங்குகிற பிள்ளையை எழுப்பிக் கொடுத்தாலும் தவறில்லை. மஞ்சள் ஏறும் பிள்ளை அதிகம் தூங்கும்; அதிகம் தூங்கும் பிள்ளை குறைவாகக் குடிக்கும். "தங்கமான புள்ள, அழுகையே இல்ல" என்று மகிழ்ந்துகொண்டிருக்கும் வீட்டில் நடப்பது சிலவேளை இதுதான்.

தாய் சாப்பிடும் சாப்பாட்டுக்கும் பிள்ளையின் மஞ்சளுக்கும் சம்பந்தமில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பருப்பு ஆகாது, பூசணி ஆகாது, பப்பாளி ஆகாது, மஞ்சள் சேர்த்த கறி ஆகாது என்று பத்தியம் வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கொழுந்து பறித்தே இரத்தம் குறைந்த பெண்ணுக்கு, பிள்ளை பெற்ற கையோடு பருப்பையும் மரக்கறியையும் நிறுத்துவது அவளுக்கும் கெடுதல், அவள் பாலை நம்பியிருக்கும் பிள்ளைக்கும் கெடுதல். பெரியவர்களுக்கு வரும் செங்கமாரி பெரும்பாலும் கிருமியால் ஈரல் வீங்கி வருவது. அதற்குச் செய்யும் கீழாநெல்லிச் சாறு, பத்தியம், மந்திரிப்பு எதையும் பச்சைப் பிள்ளைக்குக் கொண்டுவர வேண்டாம். பிறந்த பிள்ளையின் வாயில் எந்தச் சாறும் போகக்கூடாது.

பிலிருபின் ஏன் மூளைக்கு ஆபத்து? ஈரல் மாற்றுவதற்கு முந்திய பிலிருபின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். இரத்தத்தில் அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டு திரியும்வரை பெரிய கெடுதல் இல்லை. அளவு மீறிப் புரதத்தில் இடம் போதாமல் போகும்போது, ஒட்டாத பிலிருபின் மூளைக்குள் புகுந்து, உடலசைவையும் செவிப்புலனையும் ஆளும் பகுதிகளில் படிந்துவிடுகிறது. முதலில் பிள்ளை சோர்ந்துபோகும், முலைக்காம்பைப் பிடித்தாலும் இழுக்காது, கைகால் துவளும். அடுத்த கட்டத்தில் கீச்சென்ற குரலில் ஓயாமல் அழும், கழுத்தும் முதுகும் பின்பக்கம் வில்லாக வளையும், காய்ச்சலும் வலிப்பும் வரலாம். அப்படிப் போன பிள்ளை உயிர் பிழைத்தாலும் கைகால் கட்டுக்குள் நில்லாத மூளை வாதமும், காது கேளாமையும், மேல்நோக்கிப் பார்க்க முடியாத கண்ணும் வாழ்நாள் முழுக்க இருக்கும். ஒரு இரத்தப் பரிசோதனையும், ஆஸ்பத்திரியில் சில நாள் வைக்கும் நீல லைட்டும் தடுத்திருக்கக்கூடிய ஊனம் இது. இதை எழுதும்போது எனக்கு மனம் பதறுகிறது.

மஞ்சள் எந்த நாளில் தெரிந்தது என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது சாதாரண மஞ்சளாக இருக்காது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அநேகமாகச் செங்குழியங்கள் அளவுமீறி உடைந்துகொண்டிருக்கும். தாயும் பிள்ளையும் வேறு இரத்த வகையாக இருப்பது இதற்கு முதற்காரணம். தாய் ஓ வகை, பிள்ளை ஏ அல்லது பீ என்றால், தாயின் இரத்தத்திலிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் பிள்ளையின் செங்குழியங்களை உடைக்கலாம். தாய் நெகட்டிவ், பிள்ளை பொசிட்டிவ் என்றால் இன்னும் கடுமையாக இருக்கலாம். நெகட்டிவ் தாய்க்கு பொசிட்டிவ் பிள்ளை பிறந்தால் 72 மணித்தியாலத்துக்குள் அன்டி-டி ஊசி போடுவது அடுத்த பிள்ளையைக் காப்பதற்காக. கர்ப்பக் கிளினிக்கில் எடுத்த இரத்த வகை தாயின் கிளினிக் அட்டையில் எழுதியிருக்கும். அது என்னவென்று தாய்க்கும் தகப்பனுக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு காரணம் ஜி6பிடி என்ற நொதியக் குறைபாடு. பரம்பரையாக வருவது, ஆண்பிள்ளைகளிடம் அதிகம். இந்தக் குறை உள்ள பிள்ளையின் செங்குழியங்கள் சில பொருட்கள் பட்டால் பொலபொலவென்று உடையும். அதில் ஒன்று துணிப்பெட்டியில் பூச்சி வராமல் போட்டுவைக்கும் வெள்ளை நப்தலின் உருண்டை. மூத்த பிள்ளையின் சட்டைகளை, கம்பளியை, ஈரம் பிடிக்காமல் பெட்டிக்குள் உருண்டையோடு பூட்டிவைத்து, புதுப் பிள்ளைக்கு எடுத்துப் போர்த்துவது குளிரூரில் எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம். அந்த வாசனையே போதும், சில பிள்ளைகளுக்கு ஆபத்தாகிவிடும். துவைத்தாலும் எளிதில் போகாது. பிள்ளையின் துணிக்குள் அந்த உருண்டையைப் போடாமலே இருப்பதுதான் வழி.

இவை தவிர, குறைமாதப் பிள்ளை, 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளை, கருவி போட்டு எடுத்ததில் தலையில் இரத்தம் கட்டி வீங்கிய பிள்ளை, தொப்புளிலோ சிறுநீரிலோ கிருமி தொற்றிய பிள்ளை, மூத்த பிள்ளைக்கு மஞ்சளுக்காக லைட் வைத்த வீட்டுப் பிள்ளை ஆகியோருக்கு மஞ்சள் கூடும் வாய்ப்பு அதிகம். எடை குறைந்த பிள்ளைகள் நாட்டின் மற்றப் பகுதிகளைவிடத் தோட்டங்களில் அதிகம் பிறப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டிவிட்டன. ஆகவே "எல்லாப் புள்ளைக்கும் வாறதுதானே" என்ற ஆறுதல் மலையகத்தில் மற்ற இடங்களைவிடக் குறைவாகவே பொருந்தும்.

இனி, வீட்டில் எப்படிப் பார்ப்பது என்ற விசயத்துக்கு வருவோம். பழைய லயங்களில் பகலிலும் இருட்டுத்தான். ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல், அதையும் குளிருக்கும் கண்ணேறுக்கும் பயந்து மூடிவிடுவார்கள். விறகுப் புகையால் சுவரும் கூரையும் கறுத்திருக்கும். உள்ளே எரியும் மங்கலான பல்பு எல்லாவற்றையும் மஞ்சளாகவே காட்டும். தீட்டுக் கழிக்கும்வரை தாயும் பிள்ளையும் உள்மூலையில்தான் கிடப்பார்கள். அந்த வெளிச்சத்தில் எவ்வளவு கெட்டிக்காரத் தாயாக இருந்தாலும் பிள்ளையின் நிறம் பிடிபடாது. கஸ்தூரி மஞ்சள் பூசிக் குளிப்பாட்டிய பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே முதல் வாரம் முழுக்க, காலையும் மத்தியானமும் பிள்ளையைக் கதவடிக்கு அல்லது இஸ்தோப்புக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். போர்வையை முழுக்கக் கழற்றவேண்டிய அவசியமில்லை. மூக்கு நுனியை அல்லது நெற்றியை விரலால் மெல்ல அழுத்தி எடுத்தால், இரத்தம் விலகிய அந்த நொடியில் அடியிலிருக்கும் நிறம் தெரியும். அதே மாதிரி நெஞ்சிலும், தொடையிலும், உள்ளங்காலிலும். நமது மாநிறத் தோலில் மஞ்சள் மறைந்திருக்கும் என்பதால் கண்ணின் வெள்ளையையும் முரசையும் கட்டாயம் பார்க்க வேண்டும். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். நெஞ்சைத் தாண்டி வயிற்றுக்கு இறங்கிவிட்டால், கைகாலுக்குப் போய்விட்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கண்ணால் பார்ப்பதற்கு ஒரு எல்லை உண்டு. "லேசாத்தான் இருக்கு" என்று அனுபவமுள்ள தாதி சொன்னதும் தப்பாகப் போகலாம். அளவை இரத்தம் எடுத்துத்தான் சொல்ல முடியும். சில பெரிய ஆஸ்பத்திரிகளில் நெற்றியில் வைத்து அளக்கும் கருவியும் உண்டு. அந்த எண்ணையும் தனியே வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. பிறந்து எத்தனை மணித்தியாலம் என்பதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் பிரித்தானியாவின் நைஸ் அமைப்பின் அட்டவணையில், 38 வாரம் நிறைந்து பிறந்த பிள்ளைக்கு 24 மணித்தியாலத்தில் லீற்றருக்கு 200 மைக்ரோமோல் தாண்டினாலே லைட் வைக்க வேண்டும். நான்கு நாளான பிள்ளைக்கு அந்த எல்லை 350. பழைய கணக்கில் சொன்னால் டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 12 மில்லிகிராமும் 20 மில்லிகிராமும். குறைமாதப் பிள்ளைக்கு எல்லை இதைவிடக் கீழே. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் 15 இருந்தும் ஒன்றும் செய்யவில்லை, நம்ம பிள்ளைக்கு 12க்கே லைட் வைக்கிறார்களே என்று குழம்ப வேண்டாம். இரண்டு பிள்ளைகளுக்கும் வயது வேறாக இருந்திருக்கும்.

"காலையில இளவெயில்ல கொஞ்ச நேரம் காட்டு, எறங்கிரும்." இதைச் சொல்லாத பாட்டி மலையகத்தில் இல்லை. இந்த நம்பிக்கை முழுக்கப் பொய்யில்லை என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே பேச வேண்டும். வெளிச்சம் மஞ்சளைக் குறைக்கும் என்பதை மருத்துவ உலகம் தெரிந்துகொண்டதே வெயிலால்தான். இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியின் ரோச்போர்ட் ஆஸ்பத்திரியில் 1956ஆம் ஆண்டு, குறைமாதப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஜீன் வார்ட் என்ற தாதி, வெயில் நாட்களில் பிள்ளைகளை முற்றத்துக்குக் கொண்டுபோய் வைப்பார். ஒரு நாள் ஒரு பிள்ளையின் உடம்பு வெளுத்திருக்க, துணியின் முனை மூடியிருந்த ஒரு முக்கோண இடம் மட்டும் கடும் மஞ்சளாக இருந்ததை டொக்டர்மாருக்குக் காட்டினார். பிறகு, வெயில்படும் ஜன்னலோரம் மறந்து வைக்கப்பட்ட ஒரு இரத்தக் குழாயில் பிலிருபின் அளவு வெகுவாகக் குறைந்திருந்ததும் கண்டுபிடிக்கப்பட்டது. ரிச்சர்ட் கிரெமரும் கூட இருந்தவர்களும் விளக்குகள் பொருத்திய தொட்டில் ஒன்றைச் செய்து பார்த்து, 1958இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். இன்று உலகமெங்கும் பிள்ளைகளுக்கு வைக்கும் லைட் அங்கிருந்து வந்ததுதான். ஒரு தாதியின் கூர்ந்த பார்வை இவ்வளவு பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது என்பது எப்போது நினைத்தாலும் நெகிழ வைக்கிறது.

அப்படியானால் வெயிலே போதாதா என்றால், போதாது. பிலிருபினை மாற்றுவது வெயிலின் சூடு கிடையாது, அதிலுள்ள நீல ஒளி, குறிப்பாக 460 முதல் 490 நானோமீற்றர் அலைநீளம். அது தோலில் பட்டதும் பிலிருபினின் உருவம் மாறி, ஈரலின் உதவி இல்லாமலே பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறக்கூடியதாகிவிடுகிறது. இதற்குத் தோலின் பெரும்பகுதியில், மணிக்கணக்காக, இரவும் பகலும் அந்த ஒளி விழ வேண்டும். காலையில் முகமும் காலும் தெரிய கால் மணி நேரம் காட்டுவதால் கடுமையான மஞ்சள் இறங்காது. நைஜீரியாவில் கெடுதலான கதிர்களை வடிகட்டும் விசேட விரிப்புக்கு அடியில் பிள்ளைகளை வெயிலில் வைத்து, லைட் சிகிச்சைக்குச் சமமான பலன் கிடைத்ததாக 2015இல் ஆய்வு வெளியானது. அங்கே பயிற்சி பெற்றவர்கள் பக்கத்திலிருந்து பிள்ளையின் உடல் சூட்டை அளந்துகொண்டே இருந்தார்கள். வீட்டு முற்றத்தில் செய்யும் காரியம் அதுவல்ல.

மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரம். மேலே போகப் போகத் தோலைச் சுடும் புற ஊதாக் கதிர் கூடும், காற்றோ குளிரும். தையிலும் மாசியிலும் விடிகாலையில் புல்லில் பனி உறையும் ஊரில், இளவெயில் என்று சட்டையைக் கழற்றிய பிள்ளை பத்து நிமிடத்தில் சில்லிட்டுப் போகலாம். உடம்பு குளிர்ந்த பிள்ளை பால் இழுக்காது. அந்த நிலையில் பிலிருபின் மூளைக்குள் புகுவதும் எளிதாகிறது. மழைக்காலத்தில் நாட்கணக்காக மூட்டம் விலகாத லிந்துலையிலும் மஸ்கெலியாவிலும், வெயில் வரட்டும் என்று காத்திருப்பது மூன்றாம் நாளை ஐந்தாம் நாளாக்கிவிடுகிறது. என் பயமெல்லாம் அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான். பிள்ளையைக் கதவடியில் சூடாகப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் பாருங்கள். அதைச் சிகிச்சை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் லைட் வைக்கும்போது தாய்மார் அழுவதுண்டு. கண்ணைக் கட்டி, பம்பசோடு மட்டும், நீல வெளிச்சத்துக்குக் கீழே தனியே கிடக்கும் பிள்ளையைப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும். அது கரண்ட் வைப்பதில்லை, பிள்ளைக்கு வலிக்காது. கண்ணைக் கட்டுவது அந்த வெளிச்சத்திலிருந்து கண்ணைக் காக்க. இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து அரை மணி நேரம்வரை பால் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். மலம் பச்சையாக, தண்ணீராகப் போனால் பயப்பட வேண்டாம், பிலிருபின்தான் வெளியேறுகிறது. தோலில் சிறு தடிப்பும் வரலாம், அது போய்விடும். லைட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளையின் தோல் சீக்கிரம் வெளுத்துவிடும், ஆனால் இரத்தத்தில் அளவு இறங்கியிருக்காது. ஆகவே "மஞ்சள் போயிருச்சே, டிக்கட்ட வெட்டுங்க" என்று அவசரப்படக்கூடாது. நிறுத்திய பிறகும் சில பிள்ளைகளுக்கு மறுபடி ஏறும், அதற்குத்தான் பிறகொரு முறை இரத்தம் எடுக்கிறார்கள். வீட்டு டியூப் லைட்டோ பல்போ இந்த வேலையைச் செய்யாது.

லைட்டுக்கும் அடங்காமல் ஏறினால், அல்லது மூளை பாதிக்கத் தொடங்கிய அறிகுறி தெரிந்தால், இரத்தம் மாற்றுவார்கள். தொப்புள் நாளத்தின் வழியே பிள்ளையின் இரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அதே அளவு புது இரத்தம் ஏற்றுவது. ஆபத்தில்லாத காரியமில்லை, ஆனால் அந்தக் கட்டத்தில் அதைவிட்டால் வேறு வழியில்லை. பிள்ளைகள் நேரத்தோடு வந்தால் இது தேவைப்படுவதே அபூர்வம்.

நேரத்தோடு வருவதில்தான் மலையகத்தின் கஷ்டம் இருக்கிறது. லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வரவே சில டிவிஷன்களில் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு ஒரு நாள் சம்பளத்தைக் கரைத்துவிடும். கணவன் கொழும்பில் கடையில் வேலையாக இருப்பார். மாமியார் பச்சை உடம்புக்காரியைப் பனியில் அனுப்பமாட்டேன் என்பார். தோட்டத்து டிஸ்பென்சரியில் இரத்தம் பார்க்கும் வசதி இருக்காது. இவை எல்லாவற்றையும் பிள்ளை பிறப்பதற்கு முன்பே பேசி முடிவு செய்துவைத்தால் என்ன? எந்த ஆட்டோ, யார் கூடப் போவது, மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் மூன்றாம் நாள் இரவு குழப்பம் இருக்காது. பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலோ, வில்லாக வளைந்து கீச்சிட்டாலோ 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் காசு வாங்காமல் வரும். நுவரெலியா, பதுளை, நாவலப்பிட்டி ஆகிய பெரிய ஆஸ்பத்திரிகளிலும், 2017இல் புதுக் கட்டடத்தோடு திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலும் பிள்ளையைக் காட்டலாம். எதற்கும் பக்கத்திலுள்ள ஆஸ்பத்திரிக்கு முதலில் போனால், தேவைப்பட்டால் அவர்களே கண்டிக்கோ பேராதனைக்கோ அனுப்புவார்கள்.

குடும்பநல மாது, தோட்டத்தில் எல்லோரும் மிட்வைப் என்று கூப்பிடுகிறவர், முதல் 10 நாளுக்குள் இரண்டு முறை வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்க வேண்டும் என்பது நாட்டின் ஏற்பாடு. வீடு வந்த அன்றைக்கே அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். பிள்ளை பிறந்தது அவருக்குத் தெரியாமல் வருகை பிந்துவதுண்டு. அவர் வந்தால் பிள்ளையை இருட்டில் காட்டாமல் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். டிக்கட் வெட்டும்போதே, பிள்ளையின் இரத்த வகை என்ன, மஞ்சள் பார்த்தார்களா, மறுபடி எப்போது காட்ட வேண்டும் என்று கேட்டுவிடுவது நல்லது. அட்டையில் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதியிருப்பதைத் தமிழில் சொல்லித்தரும்படி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாய்க்குப் புரியாத அறிவுரை பிள்ளைக்கு உதவாது, இதை ஆஸ்பத்திரிகளும் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாதம் நிறைந்த பிள்ளைக்கு 14 நாளிலும், குறைமாதப் பிள்ளைக்கு 21 நாளிலும் மஞ்சள் போய்விட வேண்டும். அதற்குப் பிறகும் நின்றால் பெரும்பாலும் தாய்ப்பாலோடு சேர்ந்து வரும் மஞ்சளாக இருக்கும். பிள்ளை நன்றாகக் குடித்து எடை ஏறும், மஞ்சள் சில வாரம் நீடித்துத் தானே மறையும், பாலை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் அப்படித்தான் என்று வீட்டில் யாரும் முடிவு கட்டக்கூடாது. தைரொயிட் சுரப்பி சரியாக வேலை செய்யாத பிள்ளைக்கும் மஞ்சள் நீடிக்கும், அதை விட்டால் பிள்ளையின் அறிவு வளர்ச்சி குன்றும். பிறந்த முதல் நாட்களில் குதிகாலில் குத்தி எடுக்கும் இரத்தத்துளி அதைக் கண்டுபிடிக்கத்தான்.

எல்லாவற்றிலும் கொடியது பித்தக்குழாய் அடைபட்ட பிள்ளையின் மஞ்சள். 10,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வருவது. பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், பாலும் குடிக்கும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். உள்ளே பித்தம் ஈரலில் தேங்கி அதை அரித்துக்கொண்டிருக்கும். ஜப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் மோரியோ கசாய் 1950களில் வகுத்த சத்திரசிகிச்சை இதற்கு உண்டு, 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் அதிகம். இதைக் காட்டிக்கொடுப்பது மலத்தின் நிறம். பால் குடிக்கும் பிள்ளையின் மலம் கடுகு மஞ்சளாக இருக்க வேண்டும், பச்சையானாலும் பரவாயில்லை. சுண்ணாம்பு போல, வெளிறிய களிமண் போல இருந்தால், கூடவே நிறமற்றிருக்க வேண்டிய சிறுநீர் துணியில் மஞ்சள் கறையாகப் படிந்தால், ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. தாய்வானில் 2004 முதல் மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டையைத் தாய்மாருக்குக் கொடுத்ததில், இந்தப் பிள்ளைகள் முன்பைவிடச் சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அட்டை இல்லாவிட்டாலும் அந்தத் துணியைக் கழுவிவிடாமல் சுற்றி எடுத்துப்போய் டொக்டரிடம் காட்டலாம். மழையில் ரோடு மூடியிருந்தால் போனில் படம் எடுத்து மிட்வைபுக்கு அனுப்பிவிட்டு, வழி திறந்தவுடன் கிளம்புங்கள்.